காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் பிக்கப், ஓடினால் மிஸ்ஸிங்: பம்ப்பை இறக்கணுமா?

லோடு வண்டி | ஜூன் 2, காலை 6.50

2007 மாடல் பிக்கப். 2.5 லிட்டர் டர்போ டீசல், நாலு சிலிண்டர், டி.ஐ (டீசலை நேரா சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சற டைரக்ட் இன்ஜெக்ஷன்), முழுக்க மெக்கானிக்கல். ராத்திரி நிறுத்தினா காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகறதில்லை. செல்ஃப் நல்லா சுத்துது. ரொம்ப நேரம் அடிச்ச பிறகு பிடிக்கும், நாலஞ்சு செகண்ட் ஓடி அணைஞ்சிடும். திரும்ப அடிச்சு எடுத்தா ஸ்லோவில் (ஐட்லிங்கில்) மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி, கேபினே ஆடுது. ஆக்சிலரேட்டர் கொடுத்தா மிஸ்ஸிங் தெரியறதில்லை. மதியம் நிறுத்தி எடுத்தா ஒரே அடி. பட்டறையில் "டீசல் பம்ப் (இன்ஜெக்ஷன் பம்ப்) போச்சு, இறக்கி கலிபரேஷன் பண்ணணும்"ங்கறாங்க. இறக்கிடலாமா?

ஸ்பேனர் 17 | ஜூன் 2, காலை 9.15

இறக்காதீங்க. பம்ப் தேய்ஞ்சிருந்தா இதுக்கு நேர் எதிரா நடக்கும். குளிர்ந்திருக்கும்போது பிடிச்சுக்கும், சூடானதும் அடம் பிடிக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், பம்ப்புக்குள்ள டீசலை அழுத்தற தேய்ஞ்ச பிளஞ்சர் ஓரமா கசிஞ்சிடும். செல்ஃப் சுத்தற வேகத்துக்கு நாசிலை (இன்ஜெக்டரோட டீசல் பீய்ச்சற முனை) திறக்கற பிரஷர் எழும்பாது. உங்க வண்டி சூட்டில் ஒரே அடியில் எடுக்குதுன்னா பம்ப்பைச் சந்தேகப்பட அவசரமில்லை.

முதல்ல மூணு விவரம் வேணும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருதா, வந்தா என்ன நிறம்? பம்ப் இன்லைனா ரோட்டரியா (நாலு பைப்பும் ஒரே வரிசையில் நின்னா இன்லைன், பம்ப்போட பின்தலையிலிருந்து வட்டமா கிளம்பினா ரோட்டரி)? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குது?

லோடு வண்டி | ஜூன் 3, காலை 7.05

ரோட்டரி. முதல் அடியில் புகையே இல்லை. பிடிக்கப்போற நேரத்தில் வெள்ளையா குபுகுபுன்னு வருது. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5, செல்ஃபில் 10.3.

ஸ்பேனர் 17 | ஜூன் 3, காலை 10.30

பேட்டரி சரி. செல்ஃபில் 9.6க்குக் கீழே போனாதான் கவலை. ஆனாலும் இரண்டு நிமிஷ வேலை ஒண்ணு: மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும் இன்னொண்ணை எஞ்சின் பிளாக்கில் துரு இல்லாத இடத்திலும் வெச்சு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர் சரியில்லை. பேட்டரி புதுசா இருந்தும் எஞ்சின் சோம்பலா சுத்தறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இப்போ புகை. டீசலில் இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. செல்ஃப் அடிச்சும் புகையே இல்லைன்னா சிலிண்டருக்குள்ள டீசல் போகலை. வெள்ளைப் புகை, கூடவே கண்ணை எரிக்கற டீசல் வாடைன்னா டீசல் போகுது, எரியலை. அப்போ கம்ப்ரஷன், டைமிங், சுத்தற வேகம் மூணையும் பார்க்கணும். உங்களுக்கு முதல்ல புகையில்லாம இருந்து அப்புறம் வருதுன்னா ராத்திரி பைப்பில் இருந்த டீசல் டேங்குக்கு இறங்கி அந்த இடத்தில் காத்து உட்கார்ந்திருக்கு. பம்ப் காலையில் காத்தைத்தான் அடிக்குது. நாலஞ்சு செகண்ட் ஓடி அணையறதுக்கும் இதே காரணம்: பம்ப்பில் மிச்சம் இருந்த டீசலில் பிடிக்கும், பின்னாடி வர்ற காத்தில் அணையும்.

ஸ்டாப் சொலினாய்டையும் (பம்ப்பில் டீசலைத் திறந்து அடைக்கற மின் வால்வு) மறக்காதீங்க. சாவி போட்டதும் பம்ப் தலையில் 'டக்'னு சத்தம் வரணும். சில வண்டியில் சாவி ஆன்ல 12 வோல்ட் சரியா இருக்கும், செல்ஃப் அடிக்கற நிலைக்குத் திருப்பினதும் சாவி ஸ்விட்ச் தேய்மானத்தால சப்ளை போயிடும். அதனால செல்ஃப் அடிக்கும்போதே டெர்மினலில் அளந்துக்கணும்.

வழிப்போக்கன் | ஜூன் 3, பகல் 1.20

துணியில் பெட்ரோல் நனைச்சு ஏர் ஃபில்டர் வாயில் காட்டுங்க, ஒரே நொடியில் பிடிக்கும்.

ஸ்பேனர் 17 | ஜூன் 3, பகல் 1.50

பிடிக்கும். பிஸ்டன் ரிங்கும் ஒரே நொடியில் உடையும். பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேல ஏறும்போதே கண்ட நேரத்தில் வெடிச்சு எதிர்த்து அடிக்கும். ஹீட்டர் பிளக் உள்ள பழைய ப்ரீசேம்பர் (தனி சின்ன அறையில் டீசல் பீய்ச்சற) எஞ்சினில் பிளக் சூடா இருந்தா இன்னும் மோசம்.

ஸ்பேனர் 17 | ஜூன் 3, மாலை 6.10

காத்து எங்கே நுழையுதுன்னு கண்டுபிடிக்க ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி அதே அளவில் ஓர் அடி கண்ணாடி டியூப் (உள்ளே தெரியற பிளாஸ்டிக் டியூப்) போடுங்க. டீசல் தாங்கற டியூபா பார்த்து வாங்குங்க, சாதாரண மீன்தொட்டி டியூப் ரெண்டு நாளில் கல்லா இறுகி கிளாம்ப் இடத்தில் அதுவே காத்து இழுக்கும். வண்டி ஓடும்போது குமிழி ஓடுதா, காலையில் செல்ஃப் தொடறதுக்கு முன்னாடி டியூப் நிறைஞ்சிருக்கா, காலியா? ரெண்டையும் குறிச்சு வைங்க.

அடுத்து கேன் டெஸ்ட். வடிகட்டின சுத்தமான டீசல் 2 லிட்டர், ஒரு கேனில். எஞ்சினைவிட உயரத்தில், பானெட் பக்கத்தில் ஆடாம கட்டுங்க. பம்ப்போட இன்லெட்டை நேரா அந்தக் கேனுக்குக் கொடுங்க, ரிட்டர்னையும் அதே கேனுக்குள்ள விடுங்க. காத்து எடுத்து, வண்டியை ஒருமுறை ஓட்டி அணைச்சுட்டு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில் ஒரே அடியில் பிடிச்சா பம்ப்புக்கு வேலை இல்லை. கேன் வழியாவும் பிடிக்கலைன்னா அப்போ பம்ப்பைப் பத்திப் பேசலாம்.

காத்து எடுக்கற முறை, அவசரத்தில் எல்லாரும் தப்பா செய்யறதால எழுதறேன். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவை (காத்து வெளியேத்தற ஸ்க்ரூ) ரெண்டு சுத்து தளர்த்தி ஹேண்ட் பிரைமரை (கையால டீசல் ஏத்தற சின்ன பம்ப்) அழுத்துங்க. நுரை போய் தெளிஞ்ச டீசல் வழியணும். வழிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே முடுக்கணும். கையை எடுத்துட்டு முடுக்கினா திரும்ப காத்தை உறிஞ்சிடும். அப்புறம் பம்ப் இன்லெட்டின் பாஞ்சோ போல்ட்டிலும் (பைப்பைப் பிடிக்கற, நடுவில் துளை உள்ள போல்ட்) அதே மாதிரி. கடைசியா ஏதாவது ரெண்டு இன்ஜெக்டரில் ஹை பிரஷர் பைப் நட்டை 17 ஸ்பேனரில் ஒரு சுத்து தளர்த்தி, 10 செகண்ட் செல்ஃப் அடிச்சு ஒரு நிமிஷம் ஆறவிட்டு, திரும்ப அடிங்க. துடிச்சுத் துடிச்சு டீசல் வந்ததும் முடுக்குங்க. விடாம அடிச்சா செல்ஃப் மோட்டார் காயில்தான் கருகும்.

விரலை வெச்சுப் பார்க்கறவங்களுக்கு: வேண்டாம். அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும், வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும். அப்படிப் பட்டா வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி. கண்ணுக்குக் கண்ணாடி, கசிவு பார்க்க ஓர் அட்டைத் துண்டு.

நாசில் டெஸ்டர் | ஜூன் 3, இரவு 9.40

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கண்ணாடி டியூப்பில் ஒரே ஒரு குமிழி மேடான இடத்தில் நின்னு ஆடிக்கிட்டே இருந்தா அதைக் கணக்கில் எடுக்காதீங்க, டியூப் மாட்டும்போது மாட்டிக்கிட்டது. வரிசையா ஓடற குமிழிதான் கணக்கு. இன்னொண்ணு, ரிட்டர்ன் பைப்பில் டியூப் போட்டுட்டு "நுரையா வருது"ன்னு பயப்படறாங்க. கொஞ்சம் நுரை அங்கே இயல்பு. இன்லெட் பக்கம்தான் பார்க்கணும்.

ரோட்டரி பம்ப் வண்டியில் இன்னொரு இடத்தை எல்லாரும் விட்டுடறாங்க: இன்ஜெக்டர்களுக்கு நடுவே ஓடற சின்ன ரிட்டர்ன் ஹோஸ், துணி பின்னின ரப்பர். கடைசி இன்ஜெக்டரில் அதுக்கு ஒரு அடைப்பு மூடி. எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடிச்சு, ஓடும்போது லேசா வேர்க்கும். நின்னதும் அதே வெடிப்பு வழியா காத்து உள்ளே போய் பம்ப் வரைக்கும் வடிச்சிடும். டேங்க்லேர்ந்து ஃபில்டர் வரைக்கும் எல்லா கிளாம்ப்பும் மாத்தினவங்க கடைசியில் இந்த அரை மீட்டர் ஹோஸில் வந்து நிப்பாங்க.

லோடு வண்டி | ஜூன் 5, காலை 7.20

கேன் டெஸ்ட்டில் காலையில் முதல் அடியிலேயே பிடிச்சுது! மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கு. எர்த் 0.2 வோல்ட்.

ஸ்பேனர் 17 | ஜூன் 5, காலை 8.00

அப்போ உங்களுக்கு ரெண்டு தனித்தனி கோளாறு. ஸ்டார்ட் ஆகாதது ஒண்ணு, மிஸ்ஸிங் வேற ஒண்ணு. ஒண்ணா சேர்த்துப் பார்த்ததால்தான் "பம்ப்"னு ஒரே வார்த்தையில் முடிச்சிருக்காங்க.

காத்தை முடிச்சுக்கலாம். பழைய லைனைத் திரும்ப மாட்டுங்க. டேங்குக்குப் போற ரிட்டர்ன் ஹோஸை கிளாம்ப் போட்டு நசுக்கி அடைச்சு, பிரைமரை நல்லா இருபது முறை அழுத்துங்க. லைன் முழுக்க உள்ளிருந்து பிரஷர் ஏறும். காத்து நுழைஞ்ச இடத்தில் டீசல் வெளியே வரும். முன்னாடியே எல்லாத்தையும் துணியால காயத் துடைச்சு, டிஷ்யூ பேப்பர் சுத்தி வெச்சா ஈரம் உடனே தெரியும். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், தண்ணி வடிக்கற பிளக், பாஞ்சோ வாஷர்கள், பிரைமரோட டயஃப்ரம், அப்புறம் மேலே அண்ணன் சொன்ன ரிட்டர்ன் ஹோஸ். பார்த்துட்டு கிளாம்ப்பை எடுக்க மறக்காதீங்க.

இதில் எதுவும் ஈரமாகலைன்னா மிச்சம் டேங்குக்கும் பிரைமருக்கும் நடுவில். முக்கியமா டேங்குக்குள்ள இறங்கற உறிஞ்சு குழாய். அதில் மேல்பக்கம் துருப்பிடிச்சு ஊசித் துளை விழுந்தா, டேங்க் நிறைஞ்சிருக்கும்போது கோளாறே தெரியாது. டீசல் மட்டம் அந்தத் துளைக்குக் கீழே போனா மட்டும் வரும்.

வழிப்போக்கன் | ஜூன் 5, காலை 11.10

எங்க வண்டி காலையில் சரியா எடுக்கும். அரை மணி ஓடினா இழுவை குறைஞ்சு அணைஞ்சுடும். கொஞ்ச நேரம் நிறுத்தினா திரும்ப ஓடும். இதுவும் காத்துதானா?

ஸ்பேனர் 17 | ஜூன் 5, காலை 11.25

காத்து இல்லாததுதான் அங்கே கோளாறு. அணைஞ்சதும் டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'னு காத்தை உள்ளே இழுத்தா மூடியோட பிரீதர் துளை அடைச்சிருக்கு. சத்தம் வரலைன்னா ஃபில்டர், டேங்குக்குள்ள உள்ள வலை. டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடிச்சு அரை மணி நேரம் ஆடாம வெச்சுப் பாருங்க, அடியில் தண்ணியோ கறுப்பு வழவழப்போ இருந்தா ஃபில்டரை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லை, டேங்கைக் கழுவணும்.

லோடு வண்டி | ஜூன் 6, மாலை 5.30

நாலாவது இன்ஜெக்டரோட ரிட்டர்ன் மூடி ஈரம். தொட்டதும் ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைஞ்சுது. ஹோஸ் முழுசா புதுசு போட்டாச்சு. இனி மிஸ்ஸிங்.

ஸ்பேனர் 17 | ஜூன் 6, இரவு 8.45

எஞ்சின் ஸ்லோவில் ஓடட்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் பைப் நட்டை அரைச் சுத்து தளர்த்துங்க, மேலே ஒரு துணி போட்டுக்கங்க. நல்லா வேலை செய்யற சிலிண்டர்னா தளர்த்தினதும் எஞ்சின் ஆட்டம் அதிகமாகும், ஆர்.பி.எம் இறங்கும். எதைத் தளர்த்தினாலும் ஒரு வித்தியாசமும் இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். ஒண்ணாம் நம்பர் ரேடியேட்டர் பக்கம்.

கண்டுபிடிச்சதும் நாசில் வாங்க ஓடாதீங்க. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. மிஸ்ஸிங் கூடவே போனா நாசில். அதே சிலிண்டரில் நின்னா பம்ப்போட டெலிவரி வால்வு (அந்த பைப்புக்கு டீசல் அனுப்பற வால்வு), இல்லைன்னா கம்ப்ரஷன்.

பைப்பை யாராவது மாத்தி மாட்டியிருக்காங்களான்னும் பாருங்க. ரோட்டரி பம்ப் தலையில் ஏ, பி, சி, டின்னு எழுத்து இருக்கும். அது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியற வரிசை. 1-3-4-2 எஞ்சினில் பொதுவா ஏ ஒண்ணுக்கு, பி மூணுக்கு, சி நாலுக்கு, டி ரெண்டுக்கு. ஏ, பி, சி, டியை வரிசையா 1, 2, 3, 4க்குக் கொடுத்துட்டு "டைமிங் போச்சு"ன்னு தலையைப் பிச்சுக்கற பட்டறையும் உண்டு.

புது பிக்கப் | ஜூன் 6, இரவு 9.30

நம்முடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாய், கம்ப்யூட்டர் கன்ட்ரோல்). இதே மாதிரி நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?

நாசில் டெஸ்டர் | ஜூன் 6, இரவு 9.34

கூடாது, கூடவே கூடாது. காமன் ரெயிலில் ஓடும்போது பிரஷர் ஆயிரம் பாருக்கு மேலேயும் போகும், ஸ்பேனர் வெச்ச கை போயிடும். அதில் ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டரா கட் பண்ணிப் பார்க்கணும், ரிட்டர்ன் அளவை நாலு பாட்டிலில் பிடிச்சு ஒப்பிடணும். இங்கே எழுதினது எல்லாம் மெக்கானிக்கல் பம்ப்புக்கு மட்டும். மஹிந்திரா பொலேரோ டி.ஐ 2523 சிசி, டாடா 207 டி.ஐ 2956 சிசி, இந்த வயசு வண்டிகள். அதே பேரில் பின்னாடி வந்த காமன் ரெயில் மாடல்களைச் சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

லோடு வண்டி | ஜூன் 8, காலை 10.15

மூணாம் நம்பர் செத்திருந்தது. ரெண்டுக்கு மாத்தினேன், மிஸ்ஸிங்கும் ரெண்டுக்கு வந்துடுச்சு. கழற்றும்போது மூணாம் நம்பர் இன்ஜெக்டர் குழிக்கு அடியில் ரெண்டு காப்பர் வாஷர், ஒண்ணு மேல ஒண்ணு. சுத்தி தார் மாதிரி கறுப்பு.

நாசில் டெஸ்டர் | ஜூன் 8, பகல் 12.05

பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பார்க்காம புதுசைப் போட்டிருக்காங்க. டி.ஐ எஞ்சினில் நாசில் முனை பிஸ்டன் குழிக்குள்ள எவ்வளவு நீட்டணும்னு கணக்கு உண்டு. வாஷர் கனத்துக்கு மேலே தூக்கினா ஸ்ப்ரே குழியைத் தாண்டி ஓரத்தில் அடிக்கும். தார் மாதிரி இருந்தது வாஷர் ஓரமா தப்பிச்ச கேஸ். ஆனா மிஸ்ஸிங் இன்ஜெக்டர் கூடவே ரெண்டுக்கு வந்ததால் நாசிலும் கெட்டிருக்கு. நாலையும் டெஸ்டரில் போட்டுப் பாருங்க, ஒண்ணை மட்டும் கொண்டுபோகாதீங்க. நாலும் திறக்கற பிரஷர் ஒண்ணுக்கொண்ணு 10 பாருக்குள்ள இருக்கணும். நல்ல நாசில் 'கர்ர்'னு துடிச்சு, துளைக்கு ஒண்ணா சமமான புகைக்கீற்று போடும். திறக்கற பிரஷருக்குக் கொஞ்சம் கீழே பிடிச்சு வெச்சா 10 செகண்டில் முனையில் சொட்டு தொங்கக் கூடாது.

துளையைக் கம்பியால குத்திச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா இன்ஜெக்டரை வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

லோடு வண்டி | ஜூன் 9, மாலை 4.40

மூணு இன்ஜெக்டர் 215லேர்ந்து 220 பார். அது மட்டும் 170, சொட்டும் தொங்குது.

நாசில் டெஸ்டர் | ஜூன் 9, மாலை 5.00

சொட்டறதை ஷிம் (இன்ஜெக்டர் ஸ்பிரிங் மேல வைக்கற மெல்லிய தகடு) போட்டு சரி பண்ண முடியாது. நாசில் மாத்திட்டு ஷிம் வையுங்க. தோராயமா 0.05 மி.மீ ஷிம்முக்கு 5 பார் ஏறும். புது நாசிலில் பொறிச்சிருக்கற நம்பர் பழசோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளை எண்ணிக்கையும் கோணமும் மாறியிருக்கும்.

ஸ்பேனர் 17 | ஜூன் 9, இரவு 8.20

மாட்டறதுக்கு முன்னாடி, இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துடுங்க. இந்த வாய்ப்பு அடிக்கடி வராது. ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழற்றிட்டு செல்ஃப் அடிக்கணும். நல்ல டீசல் எஞ்சினில் 25லேர்ந்து 30 பார் வரும். 20க்குக் கீழே காலை ஸ்டார்ட்டிங் கஷ்டம். மொத்த அளவைவிட நாலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முக்கியம், 3, 4 பாருக்கு மேல கூடாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். ஒண்ணு மட்டும் குறைஞ்சா டேப்பட் கேப்பை (வால்வுக்கும் அதை அழுத்தற ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பாருங்க, கேப் இல்லாம வால்வு உட்காராம இருக்கலாம். பெட்ரோல் எஞ்சின் மாதிரி ஆயில் ஊத்தி டெஸ்ட் பண்றவங்க கவனம்: டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடமே கிடையாது, ஒரு டீஸ்பூனுக்கு மேல ஊத்தினா அளவு பொய்யா ஏறும், இன்னும் ஊத்தினா கனெக்டிங் ராடு வளையும்.

குழியில் உள்ள கரியை மரக்குச்சியால சுரண்டி, வாஷர் உட்காரற இடம் பளிச்சுன்னு வரணும். கரி உள்ளே விழுந்தா கவலை வேண்டாம், இன்ஜெக்டர் போடாம ஒரு முறை செல்ஃப் அடிச்சா பறந்துடும், குனிஞ்சு பார்க்காதீங்க. வாஷர் ஒண்ணே ஒண்ணு, புதுசு.

லோடு வண்டி | ஜூன் 12, காலை 6.40

கம்ப்ரஷன் 27, 26, 26, 27. புது நாசில், ஒத்தை வாஷர். காலையில் தொட்டதும் எடுக்குது, ஸ்லோவில் ஆட்டமே இல்லை. பம்ப்பைத் தொடவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: மூணாம் நம்பர் பைப்பில் லேசா அதிர்வு, கை வெச்சா தெரியுது.

ஸ்பேனர் 17 | ஜூன் 12, காலை 7.10

ஹை பிரஷர் பைப்புகளை ஜோடியா பிடிச்சு வைக்கற சின்ன கிளாம்ப்பை மாட்டினீங்களா? உள்ளே ரப்பரோட இருக்கும், எல்லா பட்டறைத் தரையிலும் ஒண்ணு கிடக்கும். அது இல்லைன்னா பைப் அதிர்ந்து நட்டை ஒட்டின வளைவில் வெடிக்கும், சூடான மேனிஃபோல்டு மேலே டீசல் பீய்ச்சும். இன்னைக்கு லோடு ஏத்தறதுக்கு முன்னாடி போடுங்க.

லோடு வண்டி | ஜூன் 12, காலை 7.25

டூல் பாக்ஸில் கிடக்குது. போடறேன்.